ஹார்லன் கதவில் சிவப்புத் துணி

அன்புள்ள வெர்னா,

முழங்கால் வலி குறைந்ததா? மினசோட்டாவில் பனி கொட்டுகிறதாமே, வாசல் பனியை நீயே தள்ளாதே. இங்கே அரிசோனாவில் பகல் வெயில் இதம். குளிர்காலம் கழிக்க வண்டிவீடுகளில் வந்தவர்களால் முகாம் நிரம்பிவிட்டது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. தனியாகத் தங்குபவர்கள் காலையில் வண்டிக் கதவில் சிவப்புத் துணி கட்டுவார்கள், மாலையில் அவிழ்ப்பார்கள். அதைப் பார்த்து நலம் என்று குறிப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை காலை ஹார்லன் கிழவரின் துணி ஆடியது. குறித்துவிட்டேன்.

பத்து மணிக்கு அவருடைய பக்கத்து வண்டி டெல்மா ஓடிவந்தாள். "வாத்தியாரே, காபி வாசனையே வரலையே! அது நேத்து கட்டின துணியா இருந்தா?"

ஓடிப்போய் அவர் கதவைத் திறந்தேன், படுக்கை காலி. வகுப்பில் பெஞ்சில் பையை மட்டும் பார்த்துவிட்டு, பையன் வந்துவிட்டான் என்று வருகைப் பதிவில் குறித்தது போல ஆயிற்று. முந்தின இரவு தண்ணீர் உறையும் குளிர். மலைமேல் மேகம் வேறு. மழை பெய்தால் வறண்ட ஓடைகளில் வெள்ளம் பாயும். பன்னிரண்டு பேர் கூவிக்கொண்டே தேடினோம். இரண்டு மணி நேரம் பதிலே இல்லை. முந்தின மாலை நடக்கப் போனவர், கடைசியில் ஓர் ஓடைக்குள் கிடந்தார், கணுக்கால் முறிந்து, உதடு வெடித்து.

"லேட்டு வாத்தியாரே, மூலையில போய் நில்லு" என்றார்.

நாங்கள் அவரைத் தூக்கிவந்த பிறகுதான் மழை பிடித்தது. இப்போது கதவைத் தட்டி, குரல் கேட்ட பிறகே குறிக்கிறேன்.

என் பள்ளிக்கூட விசிலையும் தடித்த காலுறைகளையும் அனுப்பு. நலம் என்று தினமும் நீ போனில் அனுப்பும் கட்டைவிரல் படம் இனி வேண்டாம். காலை எட்டு மணிக்கு சிக்னல் கிடைக்கும் மேட்டில் நிற்பேன், கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு.

காற்று கிளம்புகிறது, வண்டி வாசலில் விரித்த கூடாரத் துணியை மடக்க வேண்டும்.

உன் ஆரின்