இடுப்பில் இருந்த கயிற்றுப் பை

மார்ச் 3

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மக்கர் செய்தது. ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஒற்றைக் கையால் சட்டை போட மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். வலது தோள் இன்னும் மேலே எழும்பவில்லை. இதற்குக் காரணமான மகாராணி, என் அண்ணி, தன் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள்.

மார்ச் 5

அண்ணன் மறுபடி அந்தக் கதையைச் சொன்னான். எத்தனை முறை கேட்டாலும் வயிறு எரிகிறது.

நாங்கள் கயாக் என்கிற ஒற்றையாள் படகு ஓட்டும் ஆறு, எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையைப் பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் கறுப்புத் தூண்களை நிறுத்தி வைத்த சுவர். ஆறு ஒடுங்கிக் கீழே விழும் இடத்துக்கு எங்கள் குழு 'கதவு' என்று பேர் வைத்திருக்கிறது. அங்கே ஒருவர் முதலில் கரையேறி, பாறை வழியாகப் போய், கீழே, வீசும் கயிறு அடைத்த கயிற்றுப் பையோடு நிற்க வேண்டும். நின்றதும் விசில் ஊதுவார். அது கேட்ட பிறகுதான் அடுத்தவர் கயாக்கில் இறங்கலாம். கவிழ்ந்தால் கயிறு வரும்.

நான் போகாத அன்று அண்ணன் அங்கே கவிழ்ந்தான். தோள் நழுவியது. கயிறு வரவில்லை. மற்றவர்கள் கதவைச் சுற்றி நடந்து வளைவுக்கு அப்பால் போயிருந்தார்கள். இருந்தது அண்ணி ஒருத்திதான்.

"தலையைத் தூக்கிப் பார்த்தேன். பாறையில நின்னு என்னையே பார்த்துட்டிருந்தா. பை இடுப்பிலேயே இருந்துச்சு. அவுக்கக்கூட இல்லை."

கட்டின புருஷன்! அவள் சொன்ன ஒரே பதில், அவன் விசிலுக்குக் காத்திருக்கவில்லை என்பது. பழியைத் தூக்கி அடிபட்டவன் தலையிலேயே போட்டாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

மார்ச் 6

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். எல்லார் முன்னாலும் அவள் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், கயாக் குழுவின் தலைமையை விட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. இது அண்ணனின் தீர்மானம். இந்த வீட்டில் அவனை விட்டால் ஆற்றுக்குப் போகிறவள் நீதான், நீ சொன்னால்தான் எடுபடும் என்கிறாள் அம்மா.

சொல்கிறேன். நன்றாகவே சொல்கிறேன்.

மார்ச் 9

சனிக்கிழமை குழு போகிறது, அவள் தலைமையில். நானும் போகிறேன். நான் இதுவரை கயிறு பிடிக்காத அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து பேசினால் அவள் வாயை அடைக்கலாம். குழுவில் இருக்கும் கணக்கு வாத்தியார் போனில், நீங்கள் இருவரும் தண்ணீரில் சண்டை போடாமல் இருந்தால் சரி என்றார். கரையில் போடுகிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 13

ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். ஏறட்டும்.

மார்ச் 14

முழங்கால் வீங்கி நிற்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அந்த ஆற்றுக்கு மனிதர்களைப் பிடிக்காது. முதல் வளைவிலேயே அது தெரிந்துவிடும். தண்ணீர் சுவரில் மோதித் திரும்பி வந்து முகத்தில் அறைகிறது. வேண்டாம் என்று கரையேறவும் வழியில்லை, நெட்டுக்குத்தாகச் சுவர். ஒரு முறை கவிழ்ந்தேன். தலைகீழாக, இருட்டில், முழங்கை பாறையில் உரசிக்கொண்டு போகிறது. எப்படியோ கயாக்கோடு உருண்டு எழுந்தேன். பார்த்தால் அண்ணி பக்கத்தில் துடுப்பைப் போட்டுக் காத்திருந்தாள். நான் நன்றி சொல்லவில்லை.

கதவுக்கு மேலே ஒதுங்கினோம். கயிறு யார் என்று கேட்டாள். நான் என்றேன். நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவள் பையை நீட்டினாள்.

"இடுப்புல கட்டிக்கோ. ரெண்டு கையும் வேணும்."

எல்லாம் தெரிந்தவள் என்கிற திமிர். வேண்டுமென்றே கையில் பிடித்துக்கொண்டு போனேன். நாலு அடிகூடப் போகவில்லை, விழுந்தேன். தூண்கள் சரிந்து ஒன்றன் மேல் ஒன்று கிடக்கின்றன, அத்தனையும் வழுக்கல். மரியாதையாகப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டி ஒட்டி நகர்ந்தேன். பாதி வழியில் பாறை ஆற்றுப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே நிற்கிற ஆளை ஆற்றிலிருந்து பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து கயிறு வீச முடியாது. கையை எடுத்தால் நாம்தான் விழுவோம். அதைத் தாண்டி இறங்கினால் ஒரு மேடை, வீச வேண்டிய இடம் அதுதான். அங்கே கால் வைத்ததும் யாரும் சொல்லாமலே நான் செய்த முதல் வேலை, பையை அவிழ்த்துக் கையில் எடுத்தது.

அப்போதுதான் உறைத்தது.

பை இடுப்பிலேயே இருந்தது என்று சொன்னவன் அண்ணன்தானே? அப்படியென்றால் அவள் மேடைக்கே வந்து சேரவில்லை. பாதி வழியில், பாறையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து சேராதவள் எப்படி விசில் ஊதியிருப்பாள்? ஊதவில்லை. அவன் காத்திருக்கவும் இல்லை. கண்ணெதிரே புருஷன் கவிழ்ந்து போகிறான், இவளால் ஒரு கையைக்கூட எடுக்க முடியவில்லை.

 பிறகு விசில் ஊதினேன். முதலில் இறங்கியவள் அவள்தான். என் கயிற்றை நம்பி. கவிழாமல் தாண்டிப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 16

அண்ணனிடம் கேட்டேன். விசில் கேட்டதா?

டிவியின் சத்தத்தைக் கூட்டினான். நான் அதை அணைத்தேன்.

"அன்னைக்குக் குளிர் நடுக்குது, எவ்வளவு நேரம் உக்கார்றது? அவ எப்பவுமே லேட்டு. நீ யாருக்குத் தங்கச்சி?"

தெரிஞ்சே சொல்லியிருக்கான், பாவி. கூசாம, அத்தனை தடவை. இவனுக்காகவா நான் வயிறெரிஞ்சேன்? கூடப் பிறந்தவன்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு.

மார்ச் 22

எல்லார் முன்னாலும் சொன்னேன். பாறை, மேடை, பை, விசில், எல்லாம். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். அம்மா உடனே குரலை மாற்றிக்கொண்டு, அதுதான் தெரிந்துவிட்டதே, நடந்ததை மறந்துவிட்டு வீட்டுக்கு வா என்று அண்ணியின் கையைப் பிடித்தாள்.

அண்ணி கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். எனக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைப்பானேன்.

"நான் சொன்னப்போ நீ நம்பலை. அந்தப் பாறை சொன்னப்புறம்தானே நம்பினே."

 அவள் தன் அக்காவோடு போய்விட்டாள். திரும்பி வருவதாக இல்லை.

ஏப்ரல் 2

கடையில் இருக்கும்போது நெட்டை போன் செய்தான். சனிக்கிழமை ஆற்றுக்கு வர முடியுமா என்று அண்ணி கேட்கச் சொன்னாளாம். வேறென்ன சொன்னாள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான்.

"கதவுகிட்ட கயிறு பிடிக்க நீ வேணுமாம். வேற எதுவும் பேச வேண்டாமாம்."

வருகிறேன் என்றேன். இனி அவளை அண்ணி என்று கூப்பிடலாமா என்றும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.