மூணு மணி நேரம்தானே

தம்பிக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்கும் முன், "மூணு மணி நேரம்தானேப்பா, ஃப்ளைட் ஏறினா வந்துடப் போறேன்" என்கிறாய். உனக்கு அது பேச்சுக்குச் சொல்வது. அவருக்குக் காலையில் சாப்பிட்டதே மறந்துபோகிறது, இது மட்டும் மறப்பதில்லை. நீ போனை வைத்ததும் என்னைச் சவரம் செய்துவிடச் சொல்கிறார். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வைத்து, கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால், "அவன் வந்துடட்டும், சேர்ந்து சாப்பிடலாம்."

ஏர்போர்ட் போக, வரிசையில் நிற்க, இறங்கி டாக்ஸி பிடிக்க என்று எல்லாம் சேர்த்தால் அரை நாள் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நேரம் தாண்டினால் உனக்கு அவரே வக்காலத்து வாங்குகிறார். "மேகமா இருக்குல்ல, இறக்க முடியாம மேலேயே சுத்துறாங்க." போன வாரம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதும் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டியதும் சட்டையைக் கழற்றி, "கசங்காம மடிச்சு வைம்மா" என்றார்.

உன் வேலை, லீவு கஷ்டம் எல்லாம் எனக்கும் தெரியும். வா என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

இந்த ஞாயிறு மட்டும் போன் பண்ணாதே. ஒரு நாளாவது அவர் நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

அக்கா