பதினான்கு படிவங்கள்

ஜூலை 7, திங்கள்
காத்து. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில். ஸ்கூட்டி அருள்புரம் தாண்டுவதற்குள் கண்ணெல்லாம் மண்.

செய்ய வேண்டியது:
கேஸ் புக்.
பல் டாக்டர் (இந்த வாரமாவது).
கைடு மேடத்துக்கு மூன்றாம் அத்தியாயம்.
படிவம் ஜெராக்ஸ், 14.

முப்பத்தாறு வயதில் கரஸ்ல எம்.ஏ., தொடக்கக் கல்வி. எச்.எம். கிண்டல் இன்னும் ஓயவில்லை. "பசங்களா, சத்தம் போடாதீங்க, உங்க டீச்சர் பரீட்சைக்குப் படிக்கறாங்க." தலைப்பு: வெளிமாநிலக் குழந்தைகளின் வீட்டுச் சூழலும் வாசிப்பும். என் மூன்றாம் வகுப்பிலேயே பதினான்கு பேர். வெளியே அலைய வேண்டாம். சோம்பேறித்தனத்துக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்
ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்டு நானே படிவத்தில் எழுதினேன். கேள்வி 9: பள்ளி விட்ட பின் என்ன செய்வாய்?

பூஜா. எட்டு வயது, ஒடிசா. வந்து இரண்டு வருஷம்தான், என்னை விட நல்ல கொங்குத் தமிழ். "பனியன்ல பிசிறு நூல் வெட்டுவேனுங்க டீச்சர். அம்மா கட்டுக் கட்டா ரூமுக்குக் கொண்டாரும். எங்க லைன்லயே நாந்தான் ஃபாஸ்ட்டு."

அப்படியே எழுதினேன். குழந்தையின் சொல் மாறக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. பதினான்கில் பதினொரு பேர் பிசிறு வெட்டுகிறார்கள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அத்தியாயத்துக்கு நல்ல விஷயம் கிடைத்ததென்று. இப்போது நினைத்தால் வெட்கம்.

ஜூலை 9, புதன்
பெற்றோர் கையெழுத்து வேண்டும். எல்லோரும் ஒரே பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. பள்ளி வாசலைப் பார்த்ததே இல்லை.

எச்.எம்.: "எதுக்குங்க அலையறீங்க? லைன் வீட்டு கான்ட்ராக்டர்கிட்டக் குடுத்துருங்க. அவங்க ஆதார், பேங்க், அட்மிஷன் எல்லாம் அவரு கையிலதானுங்களே."

வாஸ்தவம். பிள்ளைகளை வேனில் கூட்டி வந்து சேர்த்ததே அவர்தான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம், ஊசி போட வரும் நர்ஸ் உட்பட. சாயங்காலமே வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி. "நம்ம புள்ளைங்க படிப்புக்கு இதுகூடச் செய்ய மாட்டேனுங்களா?" கவரை இரண்டு கையாலும் வாங்கினார். நல்ல மனிதர்.

ஜூலை 10, வியாழன்
பல் வலி. கிராம்பு.

காலை டிபனின்போது இவரிடம் சொன்னேன். இவர் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"புள்ளைங்க பிசிறு வெட்டுதுன்னு எழுதியே குடுத்தியா? அம்மிணி, இது வெளிநாட்டு பையருங்க ஆடிட்டுக்கு வர்ற மாசம். கொழந்தைங்க கை பட்ட பீஸுன்னு ஒரு காயிதம் வெளிய போனா, அந்தக் கம்பெனி ஆர்டரே போயிரும்."

"ரூமுக்குக் கட்டு அனுப்பறது யாருங்க?"

"வேற யாரு? உன்ற நல்ல மனுசன்தான்."

கவரை ஒட்டக்கூட இல்லை நான். நகலும் எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி
பதினான்கில் வந்தது பத்து. பூஜா இல்லை.

கான்ட்ராக்டருக்கு நான்கு முறை போன். ஐந்தாவதில் எடுத்தார். "கையெழுத்து வாங்கிட்டிருக்கேனுங்க டீச்சர்." வராத பிள்ளைகள்? "காச்சலுங்க. காத்து இப்படி அடிக்குதில்லீங்க." நாலு பேருக்குமா? "ஆமாங்க."

பிறகு நான் கேட்காமலே: "டீச்சர் ஊடு மளிகைக் கடைக்கு மேல மாடிதானுங்களே? சாரு எந்தக் கம்பெனின்னும் தெரியுமுங்க. அவங்க மொதலாளி நமக்கு ரொம்ப வேண்டியவருங்க."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தும் இவரிடம் சொல்லவில்லை.

கேஸ் இன்னும் புக் செய்யவில்லை.

ஜூலை 12, சனி
லீவு. மதியம் லைன் வீட்டுக்கே போனேன். பத்து அறை ஒரே வரிசையில். மூன்று அறைகளில் பூட்டு. குழாயடியில் ஒரு வடநாட்டுப் பெண்.

"ரூம் காலி. வேன் வந்துச்சு, சாமான் ஏத்துச்சு."

எங்கே?

"மாலும் நஹி." தெரியாதாம். பாதிக் குடத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசி அறை ஜன்னலில் பூஜா. அப்பாடா என்றிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று கீழே உட்கார்ந்துகொண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை. அந்த மூன்று பிள்ளைகளும் எங்கே என்று அவளிடம்தான் கேட்டிருக்க முடியும்.

ஜூலை 14, திங்கள்
எச்.எம். மேஜையில் கவர், ஒட்டி. உள்ளே பதினான்கும் புதுப் படிவம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. போய்விட்ட மூவருக்கும் சேர்த்து. கேள்வி 9-க்குப் பதினான்கிலும் ஒரே பதில்: "வீட்டுப்பாடம் செய்யும். எட்டு மணிக்குத் தூங்கும்." நான் எழுதியதில் ஒரு தாள்கூடத் திரும்பவில்லை.

எச்.எம்.: "பதினாலும் வந்துருச்சே, பின்ன என்னங்க டீச்சர்? நீங்களும் இங்கதான் இருக்கோணும், நானும் இங்கதான் இருக்கோணும்."

கைடு மேடம் போனில்: "ஒண்ணு விடாம வந்துருச்சா? பிரமாதம்." நடந்ததைச் சொன்னேன். "பழைய படிவம் கையில இருக்கா?" இல்லை. "அப்ப வந்ததை வெச்சு எழுதும்மா. டிகிரியை முடிக்கப் பாரு."

ஜூலை 15, செவ்வாய்
காத்து குறைந்திருக்கிறது. பூஜா வந்தாள்.

மத்தியானம் எல்லோரும் சத்துணவுக்குப் போன பிறகு தனியாகக் கூப்பிட்டேன். படிவம் இல்லை, பேனா இல்லை. சும்மா கேட்டேன், "நேத்து ஸ்கூல் விட்டு என்ன பண்ணுனே கண்ணு?"

கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். "வீட்டுப்பாடம் செய்யும். எட்டு மணிக்குத் தூங்கும்."

அப்புறம் என் முகத்தையே பார்த்தாள். "சரியாச் சொன்னேனுங்களா டீச்சர்? எங்களையும் வேன்ல ஏத்தி அனுப்பிர மாட்டீங்கல்ல?"

அனுப்பியது நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சரியாச் சொன்னே கண்ணு" என்றேன்.