காணேல்லை எண்டால் தேடலாம்

தர்மபுரம்,
25 சித்திரை 2026,
சனி இரவு.

அன்புள்ள சுதாஜினி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். பெரியப்பாவுக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அப்பா கச்சான் தோட்டத்துக்குப் பன்றிக் காவலுக்குப் போய்விட்டார். அம்மா காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு நித்திரை. நல்லதம்பி மாமா அங்கே உங்களிடம் வருவதற்கு விடியற்காலை வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிறார். உங்களுக்குக் கொடுத்துவிடும் ஒடியல் மாப் பையின் அடியில் இதை வைக்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கையில் கிடைக்கும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் பட்டன் போன். அதில் கதைத்தால் அடுத்த வளவுக்கும் கேட்கும்.

போன மாதம் உங்கள் கழகத்துச் சஞ்சிகைக்காக ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். வட்டமாக இருந்து கதை சொல்லி விளையாடும் இந்த விளையாட்டு இன்னும் மூன்று நான்கு வருடங்களில் எப்படி இருக்கும், நீயும் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் இது ஊகம் இல்லை. அது இங்கே முதலே வந்துவிட்டது.

நீங்கள் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து தந்த நாளில் இருந்து நாங்கள் கூட்டாளிகள் மூன்று பேரும் யதுர்ஷிகா வீட்டு விறாந்தையில்தான் விளையாடினோம். யதுதான் கதைசொல்லி. நானும் றிஃப்னாவும் கதைக்குள் போகிறவர்கள். என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் சொல்வோம். அது நடந்ததா இல்லையா என்று இருபது முகத் தாயக்கட்டை சொல்லும். பிறகு என்ன என்பதை யது சொல்வாள். கதையில் கதவு வந்தால் விரல் முட்டியால் நிலத்தில் இரண்டு தரம் தட்டி, "திறக்கிறியோ?" என்று கேட்பாள். கட்டையில் ஆகக் கெட்ட எண்ணான ஒன்று எனக்கு விழுந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். "கதிரைக் காலிலை பட்டது, செல்லாது. திருப்பி உருட்டு, அழுமூஞ்சி" என்பாள். கதிரை எட்டாத தூரத்தில் இருக்கும்.

ஒருநாள் கதையில் றிஃப்னாவின் ஆள் செத்துப்போனான் என்று யது சொன்னபோது, அவளுடைய அம்மா, எங்கள் இராசேஸ்வரி மாமி, குசினியில் இருந்து அகப்பையோடு வந்தார். யது பிறக்க முதலே அவளுடைய அப்பாவைக் காணாமல், அவருடைய படத்தோடு எத்தனை வருடம் கிளிநொச்சிப் போராட்டப் பந்தலில் இருந்தவர் என்று உங்களுக்குத் தெரியும். "என்ரை வீட்டிலை ஒருத்தரும் செத்தது எண்டு சொல்லக்கூடாது, பிள்ளையள். காணேல்லை எண்டு சொல்லுங்கோ. காணேல்லை எண்டால் தேடலாம்" என்றார். அன்றைக்கே யது அதை விதிக் கொப்பியில் எழுதினாள். எங்கள் விளையாட்டில் சாவு இல்லை. காணாமல் போனவரை மற்றவர்கள் தேடிப் போகலாம். மாமி நிரப்பிய படிவங்களில் எல்லாம் 'கடைசியாகக் கண்டவர் யார்' என்று ஒரு கேள்வி இருக்கும். அதைப் பார்த்து யது இன்னொரு விதியும் சேர்த்தாள். தேடிப் போகிறவர் கடைசியாகக் கண்டவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கார்த்திகை வெள்ளத்தில் யது போனாள். ஐந்தாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. மாமி முகம் பார்க்கவில்லை.

தைமாதம் நீங்கள் அந்தக் கதைசொல்லி யந்திரத்தை உங்கள் பெயரில் பதிந்து யதுவின் போனில் போட்டுத் தந்தீர்கள். விளையாட்டு நின்றுபோகக் கூடாது என்று நல்ல மனதோடுதான் செய்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று. றிஃப்னா வராத நாட்களில் அவளுக்காகப் பதிவு செய்த யதுவின் நாற்பது ஆட்டங்கள் அந்தப் போனில் இருந்தன. உங்கள் கதைசொல்லியின் குரலைத் தரலாமா என்று யந்திரம் கேட்டது. நான்தான் கொடுத்தேன். விதிக் கொப்பியையும் படம் எடுத்துக் கொடுத்தேன்.

அது யதுவாகக் கதைத்தது. முதல் நாள் நானும் றிஃப்னாவும் அழுதோம், பிறகு சிரித்தோம். யது பாதியில் விட்ட கதை, இரணைமடுக் குளத்தில் வெள்ளத்தைத் திறந்துவிடும் மூன்றாவது வான்கதவுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்ற கதை, விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது. நாங்கள் கட்டையே உருட்டவில்லை. ஆனால் சீமெந்தில் கட்டை உருளும் சத்தம் வந்தது. பதிவுகளில் பின்னால் கேட்டதையும் அது எடுத்துக்கொண்டுவிட்டது. சேவல், மாமியின் இருமல், "பிள்ளையள், தேத்தண்ணி" என்று மாமி கூப்பிடுவது. போனுக்குள் மாமி கூப்பிட, குசினிக்குள் இருந்த மாமி, "ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு றிஃப்னா வரவில்லை.

ஆகவே என் பதில் இதுதான் அக்கா. இனிக் கதைசொல்லிக்காக ஒருவரும் காத்திருக்கப் போவதில்லை. மூன்று பேர் கூட வேண்டியதும் இல்லை. தனியாக ஒருவர் குசினியில் இருந்து விளையாடுவார். இல்லாத ஆட்களின் குரலைக் கேட்டு வாங்குவார்கள். விதிகள் ஒன்றும் பிழைக்காது. யது பிழைக்க விட்டாள், முகத்தைப் பார்த்து. யந்திரம் முகம் பார்க்காது. கொஞ்சப் பேர் போனை வெளியில் வைத்துவிட்டுப் பழையபடி கட்டை உருட்டுவார்கள் என்றும் நினைக்கிறேன். சஞ்சிகையில் அந்தக் கொஞ்சப் பேரைப் பற்றி மட்டும் போடுங்கள். மற்றதைப் போட வேண்டாம்.

இப்போது போன் மாமியிடம் இருக்கிறது. பிள்ளையின் குரலைக் கேட்கவேண்டும் என்றார், எப்படிக் கொடுக்காமல் விடுவது? இன்றைக்குக் கோயில் வீதியில் மாமி என் கையைப் பிடித்தார். முகம் வெளிச்சமாக இருந்தது. என்ரை பிள்ளை எங்கை என்று போனிடம் கேட்டாராம். காணேல்லை என்று அது சொன்னதாம். எங்கே தேடுவது என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை பறுவத்தன்று, முழு நிலவில், மூன்றாவது வான்கதவுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றதாம். அது யதுவின் கதை, எங்கள் விளையாட்டு, என்று நான் சொன்னேன். மாமி சிரித்தார். பிறகு, பிள்ளையைக் கடைசியாகக் கண்டது ஆர் என்றும் கேட்டாராம்.

"உன்ரை பேரைச் சொன்னவள், கம்சி. வெள்ளிக்கிழமை நீயும் என்னோடை வரவேணும்" என்றார்.

அக்கா, அந்த யந்திரத்துக்குத் தெரிந்தது மூன்று பெயர்தான். ஒன்றை எடுத்துச் சொல்லியிருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு ரியூசன் முடிய முதலே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. நான் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் நின்றேன். தண்ணீர் பாலத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. யது மற்றப் பக்கத்தில் பயந்து நின்றாள். "ஒண்டும் செய்யாது, வா" என்று கூப்பிட்டது நான். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. போனிலும் எழுதவில்லை. அந்த நாற்பது பதிவில் இருந்து அது அறிந்தது என்றும் சொல்ல முடியாது, அவை எல்லாம் வெள்ளத்துக்கு முந்தியவை.

மாமிக்கு நீந்தத் தெரியாது. நான் போகாவிட்டால் தனியாகப் போவார். போனால், அந்தக் குரல் கேட்கும்போது நான் இறங்காமல் நிற்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. யது கேட்டு நான் கதவு திறக்காமல் விட்டதில்லை.

யந்திரத்தின் கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முதல் அதை அழித்துவிடுங்கள். குரலையும் கொப்பியையும் சேர்த்து. மாமி என்னைத் திட்டட்டும், பிள்ளையை இரண்டாம் தரம் கொன்றாய் என்று சொல்லட்டும். உயிரோடு இருந்து சொல்லட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வராது அக்கா, நான் நேர்ந்துகொள்கிறேன்.

படலை திறக்கும் சத்தம். நாய் குரைக்கவில்லை, தெரிந்த ஆள்தான். அப்பா என்றால் சைக்கிள் சத்தம் கேட்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டேன், எழுத்துக் கோணினால் குறை நினைக்க வேண்டாம். அம்மா எழும்பவில்லை.

இருமுகிற சத்தம். மாமியா, போனா என்று தெரியவில்லை.

கதவில் இரண்டு தரம் தட்டு