கத்தாத குட்டி

ஜூன் 1, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில். பள்ளிச் சட்டையிலும் புகை நாற்றம்.

மகள் தர்ஷினிக்கு நாய்க்குட்டி வேண்டுமாம். சின்னச் சாதி, வெள்ளை, சடைமுடி. பொமேரியன். என்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னாள், அவர் என்னிடம் சொன்னார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம்!

"புள்ள ஆசைப்படுது. நீதான் அங்க நாய் பாத்தவளாச்சே. ஒனக்குத் தெரியும்ல."

தெரியும். குவைத்தில் பத்து வருடம் மேடத்தின் நாயைப் பார்த்தேன். லூலூ. அதற்குப் பல் தேய்த்தேன், காது துடைத்தேன், முடி சிக்கெடுத்தேன். அந்தப் பத்து வருடமும் என் மகளுக்குத் தலை வாரியது என் நாத்தனார். மூன்று வயதில் நான் விட்டுப் போன பிள்ளை இப்போது என் தோளுக்கு வளர்ந்து நிற்கிறாள். அத்தையை "அத்தம்மா" என்கிறாள். நான் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது, எனக்கு ஒரு பெயர் இல்லை. "இங்க பாருங்க." அவ்வளவுதான்.

ஆனாலும் மனம் துள்ளியது. வெட்கங்கெட்ட மனம். என்னால்தான் ஆகும் என்று இந்த வீட்டில் முதல்முறையாக ஒரு வேலை.

பார்க்க வேண்டியவை. மறந்துவிடாமல்:

– தாய் நாய். கட்டாயம். தாயைக் காட்டாதவனிடம் வாங்கவே கூடாது.
– இரண்டு மாதமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். சின்னச் சாதிக்கு இன்னும் கொஞ்சம் கூட.
– கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதில் நாற்றம்.
– உதட்டைத் தூக்கி ஈறு. ரோஸ் நிறம் நல்லது. வெளிறியிருந்தால் வேண்டாம்.
– வாலுக்கு அடியில். ஈரமாக இருந்தால் வயிற்றுப்போக்கு.
– நடக்கவிட்டுப் பார்க்க. பின்னங்கால் நொண்டுகிறதா.
– ஊசி போட்ட அட்டை. வாய்ச்சொல் ஆகாது.

இரண்டாவதை எழுதும்போது கை நின்றுவிட்டது. தாயோடு இருந்திருக்க வேண்டுமாம். எழுதுகிற ஆளைப் பாரு.

ஜூன் 4, புதன்

பனிமூட்டம். எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை, அங்கே ரேடியோ மட்டும் கேட்கிறது. கால் விரலிடுக்கில் அட்டை கடித்த இடம் இன்னும் அரிப்பு.

தர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்! போனில் படம் காட்டினாள். நோர்வூட்டில் ஓர் ஆள் குட்டி விற்கிறானாம். "இது எப்படிங்க?" படத்தில் எல்லாக் குட்டியும் அழகுதான், கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்லக் கேட்டாள். ஈறைப் பற்றிச் சொன்னபோது தன் உதட்டையே தூக்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் எழுந்து போய்விடுவாளோ என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும், ராசம்மா அண்ணி! இவருடைய அக்கா. பக்கத்து அறை, நடுவில் ஒரு சுவர்தான். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றது.

"ஒரு நாய்க்குட்டி வாங்குறதுக்கு இம்புட்டுப் படிப்பா? பொடனியப் புடிச்சுத் தூக்கு. கத்துனா கோழை. கத்தலையா, அதான் நாயி. எங்க அப்பா காலத்துலருந்து லயத்துல அப்படித்தான பாக்குறோம்."

தர்ஷினி எழுந்து அத்தையிடம் போனாள். படங்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். என் பக்கத்தில் பாயில் அவள் உட்கார்ந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

போன வருடம் வளர்த்த நாயை வாசலிலேயே சிறுத்தைப்புலி தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அதனால்தான் இந்தத் தடவை வீட்டுக்குள் வைக்கிற சாதி. அப்போது இவள் ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அண்ணி இன்றுதான் சொல்கிறது. போனில் என்னிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கேட்டால், "நீ அங்க இருந்து என்ன பண்ணப்போற?" நல்லா இருக்கு நியாயம்.

ஜூன் 7, சனி

நோர்வூட். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். நான், இவர், தர்ஷினி, அண்ணி. அண்ணியை யார் அழைத்தது? யாரும் அழைக்க வேண்டியதில்லை.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு. தகரக் கூண்டில் மூன்று குட்டிகள். ஒன்று கம்பியைக் கடித்துக்கொண்டு ஆட்டம் போட்டது. ஒன்று அதன் வாலைக் கடித்தது. மூன்றாவது மூலையில். வெள்ளை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

"தாய் எங்கங்க?"

"தாயி ஹட்டன்ல, மச்சான் வீட்டுல நிக்குதுங்க."

"ஊசி அட்டை?"

"ஊசியெல்லாம் போட்டாச்சு. அட்டை மழையில நனைஞ்சு போச்சு. ஏன்க்கா, நம்பிக்கை இல்லையா?"

இல்லை. அதைத்தான் சொல்லப்போனேன். அதற்குள் அண்ணி கூண்டுக்குள் கையை விட்டுவிட்டது. முதல் குட்டியைப் பிடரியில் தூக்கியது. கடைவீதியே கேட்கிற மாதிரி கத்தல். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைத் தூக்கியது. சத்தமே இல்லை. நான்கு காலும் தொங்க, அண்ணியின் முகத்தையே பார்த்தது.

"பாத்தியா! சிங்கம்டி இது!"

தர்ஷினி கை தட்டினாள். நான் வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஈரம். ஈறு வெளுத்திருந்தது. "இது வேணாம். அந்தக் கத்துனதுல ஒண்ண எடுப்போம். இதுக்கு உடம்பு சரியில்ல," என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

"வெளிநாட்டு நாய் பாத்தவளுக்கு நம்மூரு நாயப் பத்தி என்ன தெரியும்?" அண்ணி சிரித்துக்கொண்டுதான் சொன்னது. விற்கிறவனும் சிரித்தான். இவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதற்குள் தர்ஷினி அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டுவிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வாங்கக்கூடாது என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அந்த முகத்தை வாட வைத்தவள் நான் என்று ஆகியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார இடம் கிடைத்தது.

பெயர் பூரி. உப்பலாக இருக்கிறதாம்.

ஜூன் 9, திங்கள்

பூரி நேற்றே சாப்பிடவில்லை. காலையில் வாந்தி, பிறகு இரத்தமாகப் போகிறது. அறை முழுக்க அந்த நாற்றம். லூலூவுக்கும் இந்த நோய் ஒரு தடவை வந்திருக்கிறது. மறக்க முடியாத நாற்றம்.

அண்ணி: "கண்ணு பட்டுருச்சு." மிளகாய் சுற்றிப் போட்டது. எல்லாருக்கும் இருமல்.

தர்ஷினியைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு ஹட்டன் போனேன். மிருக வைத்தியர் இளவயதுப் பெண், சிங்களம்.

"கார்ட் எக்க கோ?" அட்டை எங்கே என்கிறார். அட்டை இருந்தால் இங்கே ஏன் வருகிறோம்?

"காகெத பல்லா?" யாருடைய நாய்?

"மகே," என்றாள் தர்ஷினி. என்னுடையது.

சேலைன் ஏற்றி, ஊசி போட்டார். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். வாங்கும்போதே சோர்ந்திருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பிடரியில் தூக்கிய கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கத்துவதற்கே அதன் உடம்பில் தெம்பு இருந்திருக்காது என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. உண்மையை எழுதினால் என்ன, வந்தது. அண்ணி இதைக் கேட்காமல் போய்விட்டதே என்றுகூட இருந்தது. குட்டி செத்துக்கொண்டிருக்கிறது, எனக்குச் சந்தோஷம். சே.

பஸ் ஸ்டாண்டில் தர்ஷினி கேட்டாள்.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"தெரியும். சொன்னேனேம்மா."

"ஒரு தடவதான் சொன்னீங்க. அத்தம்மாவா இருந்தா சண்ட போட்டிருக்கும்."

வழியெல்லாம் குட்டியை அவளே வைத்திருந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. எல்லாம் மூடியிருக்கிறது. வைத்தியரும் இல்லை.

உப்புச் சீனித் தண்ணீர், ஊசி போடுகிற குழாயில் எடுத்து, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக. விழுங்கியதும் இன்னும் ஒரு சொட்டு. போத்தலில் சுடுதண்ணீர் வைத்து, துணி சுற்றி, பக்கத்தில். என் கை தானாகச் செய்கிறது. எங்கே பழகிய கை என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மத்தியானம் அண்ணி வந்து பக்கத்தில் குந்தியது. இன்னொரு சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்திருந்தது.

"எனக்குத் தெரியலடி. கத்தலன்னா தைரியம்னுதான் நெனச்சேன்."

"விடுங்கண்ணி."

"நீ ஏர்போட்டுக்குப் போன அன்னைக்கி இவளும் அழுகவே இல்ல. மூலையில போயி ஒக்காந்துக்கிட்டா. நாந்தான் லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எம் மருமக தைரியசாலின்னு."

எனக்கும் போனில் அதைத்தான் சொன்னது. பிள்ளை அழவே இல்லை, நீ கவலைப்படாதே என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அங்கே பத்து வருடம் ஓட்டினேன். அழுகிற பிள்ளையாக இருந்திருந்தால் முதல் வருடமே ஓடி வந்திருப்பேன். அண்ணி மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அண்ணியும் அழுதது, நானும் அழுதேன். குட்டிக்குத் தண்ணீர் கொடுக்கிற நேரம் தவறிவிட்டது.

ஜூன் 14, சனி

பிழைத்துவிட்டது!

கஞ்சித் தண்ணீர் குடித்தது. பிறகு சோறும் கோழி ஈரலும், ஒரு கரண்டி. வாலை ஆட்டுகிறது. காலையில் முதல் தடவையாகக் குரைத்தது. தும்மல் மாதிரி ஒரு குரைப்பு. இவர் பெக்டரியில் எல்லாரிடமும் சொன்னாராம்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகும் இடத்துக்குத் தார்.

ஜூன் 17, செவ்வாய்

குட்டி என் காலையே சுற்றுகிறது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பின்னால் வருகிறது. உட்கார்ந்தால் மடியில். தர்ஷினி பள்ளியிலிருந்து ஓடி வந்து, "பூரி, பூரி" என்று கூப்பிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி என் மடியிலேயே படுத்துக்கொண்டது. பிஸ்கட்டைக் காட்டினாள். வரவில்லை. தூக்கினாள். இறங்கி என்னிடம் வந்துவிட்டது.

"போ பூரி, அக்காகிட்டப் போ," என்று தள்ளினேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ.

தர்ஷினி பிஸ்கட்டைக் கீழே போட்டாள். கத்தவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"ஒங்களுக்கு நாய்க்குத்தான் அம்மாவா இருக்கத் தெரியும்."

இவர் கேட்டும் கேட்காத மாதிரி ரேடியோவைத் திருப்பினார்.

ஜூன் 18, புதன்

இனி அதைத் தொடப்போவதில்லை. சோறு வைப்பது, மருந்து கொடுப்பது, எல்லாம் அவள் பார்க்கட்டும். பழகிக்கொள்ளும். நாய் யார் சோறு வைக்கிறார்களோ அவர்களிடம் போகும். லூலூவும் நான் வந்த பிறகு வேறு யாரிடமாவது போயிருக்கும்.

ஜூன் 21, சனி

காற்று. கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது. அண்ணி கொழுந்து மலையில், இவர் பெக்டரியில். நானும் தர்ஷினியும் மட்டும்.

குட்டியை வாசலில் அவளிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அவளோடு இருந்தால்தானே பழகும். பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன்.

முதலில் கதவைப் பிறாண்டல். பிறகு அழுகை. அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. அவள் கூப்பிடுகிறாள், அதட்டுகிறாள், கெஞ்சுகிறாள். அது கதவை விட்டு நகரவில்லை. நான் சட்டியை இரண்டாம் தடவை தேய்த்தேன். எழுந்திருக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது.

"கதவத் தொறங்க!"

சட்டியை மூன்றாம் தடவை எடுத்தேன்.

"அழுகுதுல்ல! ஒங்களுக்குக் காது கேக்கலையா? அது என்ன பண்ணுச்சு ஒங்கள? எதுக்கு அதப் போட்டுட்டுப் போனீங்க?"

சாம்பல் கையோடு எழுந்து கொண்டியை எடுத்தேன். குட்டி காலுக்கிடையில் நுழைந்து உள்ளே ஓடியது. அவள் வாசலில் நின்றாள். காற்றில் முடியெல்லாம் முகத்தில். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை.

"குளுருதும்மா. உள்ள வா."

"வேணாம். நாயப் பாத்துக்கங்க," என்றாள். அத்தம்மா வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.