மணி அடித்த ஊர்

அன்புள்ளவளே,

இன்று அலமாரியைக் காலி செய்தபோது அந்த வரைபடம் கிடைத்தது. என் மகளின் அட்லஸிலிருந்து, என்னைக் கேட்காமலே நீ கிழித்த குஜராத் பக்கம். நம் கொச்சி மட்டாஞ்சேரிச் சுக்கு வாசனை இன்னும் போகவில்லை. ஜாம்நகரைச் சுற்றி நீ போட்ட சிவப்பு வட்டமும், அதை அடித்துவிட்டுப் போட்ட நீல வட்டமும் அப்படியே இருக்கின்றன.

இரண்டாயிரத்து ஒன்று, குடியரசு தினம். டிவியில் பூகம்பச் செய்தி கேட்டதும் உன் எஸ்டிடி பூத்துக்கு ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் மிளகுச் சேட்டின் ஜாம்நகர் குடோனுக்கு மூட்டை தூக்கப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு முன்னாலேயே நம் தெருக் குஜராத்திக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "எடீ, வீட்டுல மேப்பு இருக்கா?" என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனாலும் ஓடிப்போய் மகளின் அட்லஸை எடுத்து வந்தேன்.

அதற்கு முந்தைய மாதம் கோட்டயம் பக்கம் லேசாக நிலம் நடுங்கியபோது, களமசேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து உன் பூத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகப் போன் போட்டு, விளக்கு ஆடியதா, பாத்திரம் விழுந்ததா, சுவர் விரிந்ததா என்று மூன்றே கேள்வி. பதிலுக்கு ஏற்ப வரைபடத்தில் வண்ணம் தீட்டினார். யாரும் நேரில் போய்ப் பார்க்கும் முன்பே, எங்கே எவ்வளவு குலுங்கியது, எவ்வளவு வீடு போயிருக்கும் என்று கணித்துவிடலாமாம். மேசையைத் துடைக்கிற சாக்கில் நீ அத்தனையும் கற்றுக்கொண்டாய். பூகம்ப டாக்டரம்மா என்று நான் கேலி செய்வேன்.

அன்று அந்த டாக்டரம்மாதான் கை கொடுத்தாள். வரிசையில் யாருக்கு லைன் கிடைத்தாலும் அந்த மூன்று கேள்வியையும் கேட்க வைத்தாய். பம்பாயில் விளக்கு ஆடியது, மஞ்சள். ராஜ்கோட்டில் சுவர் விரிந்தது, நீலம். புஜ்ஜில் சத்தமே இல்லை, சிவப்பு. ஜாம்நகர் குடோனில் யாரும் எடுக்கவில்லை. அதற்கும் சிவப்பைச் சுற்றினாய். மறுபடி போடு, மறுபடி போடு என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

மூன்றாம் முறை அழுத்தியபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். "சே, என்னொரு புத்தி கெட்ட மண்டி நான்! எடீ, இந்தா கேளு. மணி அடிக்குதுல்லே? புஜ்ஜுல அதுவும் இல்ல. ஜாம்நகர்ல எக்ஸ்சேஞ்சு நிக்குது, அப்போ ஊரும் நிக்குது."

"பின்ன ஏன் எடுக்க மாட்டேங்குறாங்க?"

"இன்னைக்கு லீவாக்கும்! கொடி ஏத்தப் போயிருப்பாங்க. பூட்டின குடோனுல ஆரு எடுப்பா?"

நீலப் பென்சிலை எடுத்தாய். "சுவரு விரிஞ்சிருக்கும், ஓடு விழுந்திருக்கும். அவ்வளவுதான். போயி சாயா குடிச்சிட்டு வா." நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சாயா தொண்டையில் இறங்கியது.

மறுநாள் மத்தியானம் அவரே போன் செய்தார். எல்லோரும் கொடிக்கம்பத்தைச் சுற்றி வெளியில் நின்றிருந்தார்களாம். குடோனின் பின்சுவர் சரிந்து, அவர் வழக்கமாக மூட்டை அடுக்கும் இடத்தில் விழுந்து கிடந்ததாம். உன் பூத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நீயும் அழுதாய். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. புஜ்ஜுக்குக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த சேட்டின் அக்கா, நம் இருவர் தலையையும் தடவிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் இப்போது கூடத்தில் குறட்டை விடுகிறார். முன்பெல்லாம் எரிச்சலாக வரும். அந்த நாளுக்குப் பிறகு வருவதில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு ஒருநாள் கை தவறி உன் நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எங்கேயோ வெளியில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.