மாதிரி வகுப்பு

இசிடோரா தீவு,
ஜூலை 4

அன்புள்ள மரிவிக்,

நலம்தானே? உன் மகள், என் ஞானமகள் லியா எப்படி இருக்கிறாள்? இங்கே அலைபேசி வேலை செய்வதில்லை; அதனால் மீன் படகில் இந்தக் கடிதம்.

பள்ளிக்கு டேப்லெட் கணினிகள் வந்திருக்கின்றன. எனக்குப் பயிற்சி என்று ஒரு பிற்பகல், திரையில். பாதியில் இணைப்பு அறுந்தது. சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்துவிட்டது. நேற்று நான்காம் வகுப்பில் பின்னம் நடத்த ஒன்றைத் திறந்தேன். "மேம், அத அமுக்காதீங்க, எல்லாம் போயிடும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். போய்விட்டது.

மாத இறுதியில் மேற்பார்வையாளராக என் வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போட நீதான் வருகிறாய். அதற்கு முன் ஒரு நாள் தோழியாக வந்து கற்றுக்கொடேன்.

கெம்மா

ஜூலை 11

என் அருமைக் கெம்மா,

முப்பது பள்ளிகளுக்கு நான் ஒரே ஆள். எங்கே வர? ஈலோஈலோ நகரக் கல்லூரியில் நாம் படிக்கும்போதும் நீ இப்படித்தான், தேர்வறை வாசல்வரை சந்தேகம்.

எல்லாரும் செய்வதைச் செய். ஒரே பாடத்தை நாலைந்து நாள் ஒத்திகை பார். எந்தப் படத்தை அமுக்குவது என்று பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்கட்டும்: விடை தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை. வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்பிப் பதில் கேள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

உன் மரிவிக்

ஆகஸ்ட் 3

அன்புள்ள மரிவிக்,

நீ சொன்னபடி ஒத்திகை பார்த்து வாங்கிய இவ்வளவு மதிப்பெண்ணுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். உன் படகு கிளம்பியதும் என் வகுப்புப் பெண் ஜோவெலின் கேட்டாள்: "மரிவிக் மேம் நாளைக்கு வரமாட்டாங்கல்ல? அப்ப நெசமாவே சொல்லித்தருவீங்களா, மேம்?"

இன்று தலைமையாசிரியர் துள்ளிக்கொண்டு வந்தார். "அதிர்ஷ்டக்காரி மேம் நீங்க! மாவட்டத்துலயே முதல் மதிப்பெண். அக்டோபர் விடுமுறைல மத்த ஆசிரியர்களுக்கு நீங்கதான் டேப்லெட் பயிற்சி குடுக்கணும்!"

திறக்கத் தெரியாதவள் எதைக் கற்றுக்கொடுப்பேன்? மரிவிக், தயவுசெய்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடு.

கெம்மா

ஆகஸ்ட் 10

கெம்மா,

குறைத்தால் மற்ற பள்ளிகளுக்கு நான் போட்டதையும் கிளறுவார்கள். எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய வருடம் இது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நின்று ஏதாவது பேசு. அவர்களும் தலையாட்டிவிட்டு மதியச் சோற்றுக்குப் போவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? நவம்பரில் லியாவின் பிறந்தநாளுக்கு வந்துவிடு. பான்சிட் நூடுல்ஸ் நானே செய்கிறேன். ஞானத்தாய் இல்லாமல் கேக் வெட்ட மாட்டாளாம்.

மரிவிக்

அக்டோபர் 30

மரிவிக்,

பயிற்சி முடிந்தது. முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட்டேன்: "எனக்கு இது தெரியாது. நான் நடத்திக் காட்டினது ஒத்திகை பாத்த வகுப்பு."

பின்வரிசையில் ஒருவர், "அப்பாடா! என்னுது இன்னும் பெட்டிய விட்டே வெளிய வரல, மேம்," என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு டேப்லெட்டுகளைக் கையில் வைத்துத் தடவினோம், திட்டினோம். சிலருக்கு ஏதோ பிடிபட்டது. எனக்கு அரைகுறைதான்.

அறிக்கையிலும் இதையே எழுதி, எங்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டேன். உன் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த வகுப்பை மதிப்பிட்டது யார் என்று கேட்பார்கள். கேட்டால் மறைக்க மாட்டேன். அவர்கள் உன்னைக் கூப்பிடும் முன் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லியாவுக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். நானே எடுத்து வரட்டுமா, படகில் கொடுத்தனுப்பட்டுமா?

கெம்மா